பயிற்சித் துறைக்கு அஜைல் ஒத்துவருமா? கேள்வி பதில்

நிறுவனங்களில் பயிற்சிப் பாடங்களை உருவாக்கும் வேலையில் இருப்பவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவும், அவற்றுக்கு என் பதில்களும்.

அஜைல் என்பது மென்பொருள்காரர்களின் சமாச்சாரம். பயிற்சித் துறைக்கு அதில் என்ன இருக்கிறது சார்? (மனிதவள அலுவலர், கோவை)

வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்து, அவ்வப்போது காட்டித் திருத்திக்கொண்டே போகும் முறைதான் அஜைல். அது பிறந்த இடம் மென்பொருள்தான். 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், ஸ்னோபேர்ட் என்ற பனிச்சறுக்குத் தலத்தில் 17 பேர் கூடி எழுதிய அறிக்கையிலிருந்து வந்தது அது. எல்லாவற்றையும் செய்து முடித்த பிறகே பயன்படுத்துபவரிடம் காட்டுவது என்று அவர்களை வாட்டிய நோய் நம்மிடமும் உண்டு. பகுப்பாய்வு, வடிவமைப்பு, உருவாக்கம், செயலாக்கம், மதிப்பீடு என்று நாம் போகும் வரிசை, 1975-இல் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகம் அமெரிக்க ராணுவத்துக்காக வகுத்தது. அதைக் குறைசொல்ல மாட்டேன். நாம் கையாளும் விதத்தில்தான் கோளாறு. மதிப்பீடு கடைசியில் இருப்பதால், கற்பவரின் முகத்தையும் கடைசியில்தான் பார்க்கிறோம். 2012-இல் பயிற்சி வடிவமைப்பாளர் மைக்கேல் ஆலன் முன்வைத்த 'சாம்' முறை, மாதிரியைச் செய், காட்டு, திருத்து என்று அந்த வரிசையைச் சுற்றுகளாக்கியது. பெயர் எதுவானாலும், பாடம் அரைகுறையாக இருக்கும்போதே அந்த வேலையைச் செய்யப்போகிறவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். மற்றதெல்லாம் சடங்கு.

எங்கள் ஜவுளிக்கடைகளுக்குப் புதிய பில்லிங் மென்பொருள் வருகிறது. தீபாவளிக்கு முன் எல்லாக் கிளைகளிலும் பயிற்சி முடிய வேண்டும். 12 பாடங்கள் திட்டமிட்டிருக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது? (பயிற்சி மேலாளர், மதுரை)

அந்த 12 பாடங்களை ஓரமாக வையுங்கள். மென்பொருளின் மெனுவைப் பார்த்து எழுதிய பட்டியலாகத்தான் இருக்கும். கவுண்டரில் நிற்பவரின் கவலை, எதிரே நிற்கும் வாடிக்கையாளர். மூத்த பில்லிங் ஊழியர்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டு, 'எதில் தவறினால் கடைக்கு நஷ்டம்? எதில் வரிசை நீள்கிறது?' என்று கேளுங்கள். சாதாரண விற்பனை பில்லை யாரும் சொல்ல மாட்டார்கள். துணியை மாற்றிக்கொடுப்பது, பாதி ரொக்கம் பாதி கார்டு, தள்ளுபடி போட்ட பில்லைத் திருத்துவது என்று சொல்வார்கள். அவைதான் பட்டியலின் தலையில் வர வேண்டும்.

முதல் இரண்டு வாரத்துக்கு ஒன்றே ஒன்றை எடுங்கள்: மாற்றிக்கொடுத்தல். மூன்றாம் நாளே திரையை வெள்ளைத் தாளில் பென்சிலால் வரைந்து ஓர் ஊழியர் முன் வையுங்கள். 'ஒருவர் புடவையை மாற்ற வந்திருக்கிறார், என்ன செய்வீர்கள்?' என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பயிற்சியாளர்களுக்கு இதைவிடக் கடினமான வேலை கிடையாது. அவருடைய விரல் போகும் இடத்தை மட்டும் பாருங்கள். 'பில் எண்ணை உள்ளிடவும்' என்று நீங்கள் எழுதிய கட்டத்தில் விரல் நிற்கும். 'பில்லைத் தொலைத்துவிட்டு வந்தால்?' என்பார். கைபேசி எண்ணை வைத்துத் தேடலாமா, மேற்பார்வையாளரைக் கூப்பிட வேண்டுமா என்பதற்கு உங்கள் பாடத்தில் ஒரு வரிகூட இருக்காது. அசைவூட்டமும் குரலும் சேர்த்த பிறகு இது தெரியவந்தால் திருத்த யாருக்கும் மனம் வராது. தாளில் என்றால் ரப்பர் போதும்.

இப்படி நான்கைந்து சுற்று போனால், சில பாடங்கள் தேவையே இல்லை என்று தெரிந்துவிடும். சிலவற்றுக்குக் கவுண்டரில் ஒட்டும் ஓர் அட்டை போதும். செய்யாமல் விடும் வேலையைப் பெருக்குவதும் ஒரு கலை என்பது, அஜைல் அறிக்கையோடு வந்த 12 கொள்கைகளில் ஒன்று. நம் துறையில் அதை மட்டும் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை. பாடம் குறைந்தால் பட்ஜெட்டும் குறையும் என்ற பயமோ என்னவோ.

துறை வல்லுநர் நேரமே தருவதில்லை. 80 பக்க வரைவை அனுப்பினால் ஒரு மாதம் கழித்து 'சரி' என்று ஒற்றைச் சொல் வருகிறது. (காப்பீட்டு நிறுவனப் பயிற்சியாளர், சென்னை)

80 பக்கத்தைப் படிக்க எனக்கும் மனம் வராது. வாரம் அரை மணி நேரம், ஒரே கிழமை, ஒரே நேரம் என்று கேட்டு வாங்குங்கள். அன்று ஒரு காட்சியை மட்டும் காட்டுங்கள். 'சரியா?' என்று கேட்டால் 'சரி' என்றுதான் வரும். 'புதிதாகச் சேர்ந்தவர் இந்த இடத்தில் என்ன தவறு செய்வார்?' என்று கேளுங்கள், கொட்டித் தீர்த்துவிடுவார்.

நாங்கள் மூன்று பேர். ஆளுக்கு இரண்டு மூன்று பாடங்கள். தினமும் நின்றபடி கூட்டம் நடத்த வேண்டுமா?

வேண்டாம். அஜைல் வழிகளில் ஒன்றான ஸ்கிரம் முறையில் தினமும் நடக்கும் 15 நிமிடக் கூட்டம், ஒரே இலக்குக்காக உழைக்கும் குழுவுக்கானது. 'நேற்று என்ன, இன்று என்ன, தடை என்ன' என்ற மூன்று கேள்விகளையும் ஸ்கிரமின் 2020 வழிகாட்டி நூலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். நம் அலுவலகங்களில் இன்னும் ஒப்பித்துக்கொண்டிருக்கிறோம். உங்களுக்குக் கான்பான் பலகை போதும்; ஒவ்வொரு வேலையையும் ஒரு சீட்டில் எழுதி, அது எந்த நிலையில் இருக்கிறதோ அந்தப் பத்தியில் ஒட்டும் பலகை அது. ஒருவர் கையில் ஒரே நேரத்தில் இரண்டு வேலைக்கு மேல் கூடாது. 'ஒப்புதலுக்குக் காத்திருப்பவை' என்ற பத்தி நிரம்பிவிட்டால் புதிதாக எதையும் தொடங்காமல், எழுந்துபோய் ஒப்புதலை வாங்கிவாருங்கள்.

மருந்துத் தொழிற்சாலையில் அரைகுறைப் பயிற்சியை எப்படிக் கொடுப்பது? தணிக்கை இருக்கிறதே!

கொடுக்கக் கூடாது. வரைவைக் காட்டிச் சோதிப்பது வேறு, பணியாளருக்குப் பயிற்சி அளித்துக் கையெழுத்து வாங்குவது வேறு. பதிப்பு எண், இறுதி ஒப்புதல், பதிவேடு எல்லாம் அப்படியே இருக்கட்டும். தர உறுதித் துறையினரை மட்டும் முதல் சுற்றிலேயே உட்கார வையுங்கள்.

மேலாளர் 'எத்தனை பேர் முடித்தார்கள்?' என்று மட்டுமே கேட்கிறார். என்ன செய்வது?

பயிற்சியை மதிப்பிட, அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பேட்ரிக் 1959-இல் நான்கு படிகளைச் சொன்னார்: பிடித்திருந்ததா, கற்றார்களா, வேலையில் செய்கிறார்களா, நிறுவனத்துக்குப் பலன் வந்ததா. முடித்தவர் எண்ணிக்கை இந்த நான்கிலும் சேராது. ஆனாலும் கேட்கிறார், கொடுங்கள். கூடவே, பயிற்சிக்கு முந்தைய மாதமும் பிந்தைய மாதமும் உதவி மையத்துக்கு வந்த அழைப்புகளின் எண்ணிக்கையையும் பக்கத்தில் போட்டுக் கொடுங்கள். இரண்டு மூன்று அறிக்கைகளில் தொடர்ந்து போட்டுவிட்டு ஒருமுறை நிறுத்திப் பாருங்கள், அவரே கேட்பார்.