பேக்கப் ஓடும்போது டேட்டாபேஸ் உறைந்து நிற்பது ஏன்?

கேள்வி இதுதான்: 64 ஜிபி ராம், சாதாரண ஹார்ட் டிஸ்க், லினக்ஸ் சர்வர். இரவு பேக்கப் ஓடும்போது டேட்டாபேஸ் ஒரு நிமிடம்வரை அசையாமல் நிற்கிறது. சிபியு சும்மா இருக்கிறது, லோட் ஆவரேஜ் (ஓடும், காத்திருக்கும் ப்ராசஸ்களின் சராசரி எண்ணிக்கை) மட்டும் எகிறுகிறது. டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டுக் காசைச் செலவழிக்காதீர்கள். லோட் எகிறுவதில் அதிசயம் ஒன்றுமில்லை. டிஸ்க்குக்காகக் காத்து 'டி' நிலையில் கிடக்கும் ப்ராசஸ்களையும் லினக்ஸ் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறது.

பேக்கப் ஓடும்போது, மெமரி நிலவரம் காட்டும் ப்ராக் மெம்இன்ஃபோ (/proc/meminfo) ஃபைலில் 'டர்ட்டி' (டிஸ்க்குக்குப் போகாமல் ராமில் காத்திருப்பது), 'ரைட்பேக்' (இப்போது டிஸ்க்குக்கு இறங்கிக்கொண்டிருப்பது) என்ற இரண்டு வரிகளையும் நொடிக்கொரு முறை பாருங்கள். டர்ட்டி ஜிபி ஜிபியாக ஏறி, ஓரிடத்தில் முட்டி நின்று, அதே சமயம் டேட்டாபேஸும் நின்றால் காரணம் கிடைத்துவிட்டது. எழுதச் சொன்னதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் முதலில் ராமில்தான் வாங்கி வைக்கிறது. பயன்படுத்தக்கூடிய மெமரியில் 10 சதவீதம் சேர்ந்ததும் பின்னணியில் டிஸ்க்குக்குத் தள்ளத் தொடங்கும். 20 சதவீதத்தை நெருங்கினால் எழுதுகிறவர்களையே பிடித்து நிறுத்தும். பெரும்பாலும் இவைதான் டீஃபால்ட். உங்கள் மெஷினில் 20 சதவீதம் என்பது சுமார் 12 ஜிபி. நொடிக்கு 150 எம்பி எழுதும் டிஸ்க்குக்கு அதை இறக்கவே 80 நொடி வேண்டும். நடுவில் எஃப்சிங்க் (fsync, 'இதை இப்போதே டிஸ்க்கில் எழுதி முடி' என்ற கோரிக்கை) கேட்கும் டேட்டாபேஸ் அந்த வரிசைக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். ராம் கூடக்கூட இந்தத் தொல்லையும் கூடுவதுதான் வேடிக்கை.

சதவீதத்தை விட்டுவிட்டு பைட் கணக்கில் எல்லை வையுங்கள். பின்னணியில் தள்ளத் தொடங்கும் எல்லையான டர்ட்டி பேக்ரவுண்ட் பைட்ஸ் (vm.dirty_background_bytes) 256 எம்பி, பிடித்து நிறுத்தும் எல்லையான டர்ட்டி பைட்ஸ் (vm.dirty_bytes) 1 ஜிபி என்று தொடங்கலாம். கெர்னல் அமைப்புகளுக்கான சிஸ்கன்ட்ரோல் (sysctl) ஃபைலிலும் எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் ரீபூட்டில் போய்விடும். அப்புறம் ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) கருவியில் பேக்கப் எடுத்தால் பேண்ட்வித் வரம்பும் போடுங்கள். ஒரு ப்ராசஸின் டிஸ்க் முன்னுரிமையைக் குறைக்கும் ஐஓநைஸ் (ionice) போடச் சொல்வார்கள். இந்த இடத்தில் அதை நான் நம்புவதில்லை. ராமில் சேர்ந்ததை டிஸ்க்குக்கு இறக்குவது கெர்னலின் த்ரெட், உங்கள் பேக்கப் ப்ராசஸ் அல்ல.

டர்ட்டி சில எம்பியைத் தாண்டாமலேயே எல்லாம் நிற்கிறது என்றால் சரி, வேறு வழக்கு. டிஸ்க் நிலவரம் காட்டும் ஐஓஸ்டாட் (iostat) கட்டளையில் ரைட் அவெய்ட் (w_await, ஓர் எழுத்துக் கோரிக்கை முடிய ஆகும் சராசரி நேரம்) நூற்றுக்கணக்கான மில்லிசெகண்ட் காட்டுகிறதா பாருங்கள். ரெய்டு கார்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாக இயக்கும் கார்டு) இருந்தால் அதன் பேட்டரியை முதலில் சோதியுங்கள். பேட்டரி செத்தால் பல கார்டுகள் சத்தமில்லாமல் ரைட்-பேக்கிலிருந்து (தன் கேஷில் வாங்கியதுமே 'முடிந்தது' என்று சொல்லும் முறை) ரைட்-த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதிய பிறகே சொல்லும் முறை) மாறிவிடும்.