பக்கத்துக் கணினி ஏன் பாஸ்வேர்டு கேட்கிறது?

கேள்வி: வீட்டில் விண்டோஸ் 10 டெஸ்க்டாப் ஒன்றும், விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 லேப்டாப் ஒன்றும் வைத்திருக்கிறோம். இரண்டும் ஒரே வைஃபையில்தான். டெஸ்க்டாப்பில் இருக்கும் குடும்பப் படங்களை லேப்டாப்பில் பார்ப்பதற்காக அந்த ஃபோல்டரை ஷேர் செய்தேன். லேப்டாப்பில் டெஸ்க்டாப்பின் பெயர் தெரிகிறது. கிளிக் செய்தால் யூசர்நேமும் பாஸ்வேர்டும் கேட்கிறது. டெஸ்க்டாப்புக்கு நான் பாஸ்வேர்டே வைக்கவில்லை. லேப்டாப்பின் பின் நம்பரைப் போட்டால் தவறு என்கிறது. ஒரு வீடியோவில் சொன்னபடி பாஸ்வேர்டு பாதுகாப்பை அணைத்துவிட்டு, 'எவ்ரிஒன்' என்று அனுமதியும் கொடுத்தேன். இப்போது, உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று ஆங்கிலத்தில் வருகிறது. வீட்டுக் கணினிக்கு ஏது நிறுவனம்?

பதில்: நிறுவனம் எதுவும் இல்லை, கவலை வேண்டாம். ஆபீஸ் கணினிகளுக்காக எழுதிய வாசகம் அது, வீட்டிலும் அப்படியே வருகிறது. பாஸ்வேர்டு பாதுகாப்பை நீங்கள் அணைத்ததும் டெஸ்க்டாப் வருகிறவர்களை எல்லாம் 'கெஸ்ட்' என்று உள்ளே விடத் தயாராகிவிட்டது. ஆனால் விண்டோஸ் 11 ப்ரோவில், 24எச்2 பதிப்பிலிருந்து, பெயர் தெரியாத கெஸ்டாக இன்னொரு கணினிக்குள் போவதை லேப்டாப்பே மறுத்துவிடுகிறது. அதாவது இப்போது தடுப்பது உங்கள் லேப்டாப்தான், டெஸ்க்டாப் அல்ல.

அந்தத் தடையை நீக்கவும் வழி உண்டு. அதை நான் எழுதப்போவதில்லை, நீங்களும் தேட வேண்டாம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அப்படிப்பட்ட கணினியில் எவ்ரிஒன் என்று திறந்து வைத்தால், உங்கள் வைஃபைக்குள் வரும் எந்தக் கருவியும் அந்த ஃபோல்டருக்குள் நுழையலாம். வைரஸ் ஏறிய ஒரு லேப்டாப்பை யாராவது கொண்டுவந்து இணைத்தால் போதும், உங்கள் படங்கள் அதன் கைக்கு எட்டிவிடும். வேறு படங்கள் என்றால்கூடப் பரவாயில்லை, குடும்பப் படங்கள் போனால் திரும்ப எடுக்க முடியாது.

முதலில், நீங்கள் மாற்றியதைப் பழையபடியே வையுங்கள். டெஸ்க்டாப்பில் 'பாஸ்வேர்டு ப்ரொடெக்டெட் ஷேரிங்' மறுபடி ஆனில் இருக்கட்டும். ஃபோல்டரின் அனுமதிப் பட்டியலிலிருந்து எவ்ரிஒன்னை நீக்கிவிடுங்கள்.

இனி அந்தப் பாஸ்வேர்டு விஷயம். அந்தப் பெட்டி கேட்பது டெஸ்க்டாப்பில் இருக்கும் ஒரு கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும். லேப்டாப்பில் நீங்கள் யார் என்பது அதற்குத் தேவையில்லை. பின் நம்பர் அதை வைத்த கருவியில் மட்டுமே செல்லுபடியாகும், நெட்வொர்க் வழியாக நுழைய உதவாது. சரி, பாஸ்வேர்டு இல்லாத கணக்குதானே, பெட்டியைக் காலியாக விட்டால் என்ன? அதுவும் நடக்காது. பாஸ்வேர்டு இல்லாத கணக்கால் கணினியின் எதிரில் உட்கார்ந்துதான் நுழைய முடியும், நெட்வொர்க் வழியாக நுழைய முடியாது என்பது விண்டோஸில் முதலிலிருந்தே போட்டு வைத்திருக்கும் விதி. நீங்கள் எதைத் தட்டினாலும் தவறு என்று வந்ததற்கு இதுதான் காரணம்.

நான் எந்த வீட்டில் கணினிகளை இணைத்துக் கொடுத்தாலும் ஷேர் செய்வதற்கென்றே தனியாக ஒரு கணக்கு போட்டுவிடுவேன். 'படம்' என்று ஆங்கிலச் சின்ன எழுத்தில் பெயர் வைப்பேன், வீட்டில் யாருக்கும் மறக்காது. உங்கள் டெஸ்க்டாப்பில் செட்டிங்ஸ், அக்கவுன்ட்ஸ், 'ஃபேமிலி அண்ட் அதர் யூசர்ஸ்' என்று போய் இன்னொருவரைச் சேர்க்கும் இடத்தை அழுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் மின்னஞ்சல் கேட்கும். கொடுக்காதீர்கள். இவருடைய விவரம் என்னிடம் இல்லை என்ற பொருளில் கீழே ஒரு வரி இருக்கும், அதை அழுத்தினால் அடுத்த பக்கத்தில் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாமலே யூசரைச் சேர்க்கலாம். பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும், லேப்டாப்பில் ஒரே ஒரு முறைதான் தட்டப்போகிறீர்கள். டெஸ்க்டாப்பை ஆன் செய்யும்போது இந்தப் புதுப் பெயரும் திரையில் தெரியும், அதனால் ஒன்றும் இல்லை.

அப்புறம் படங்கள் இருக்கும் ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஷேரிங், ஷேர். பட்டியலில் அந்தப் புதுக் கணக்கைச் சேருங்கள். பக்கத்திலேயே 'ரீட்', 'ரீட்/ரைட்' என்று இரண்டு அனுமதி வரும். உங்களுக்கு ரீட் போதும். இதை அழுத்திச் சொல்கிறேன்: நெட்வொர்க் வழியாகத் திறந்த ஃபோல்டரில் ஒரு படத்தை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. நேராகப் போய்விடும். லேப்டாப்பில் குழந்தைகள் கை வைத்தாலும் படங்கள் பத்திரமாக இருக்க வேண்டுமென்றால் ரீட்டோடு நிறுத்துங்கள்.

இனி லேப்டாப்பில் ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு, ஒட்டினாற்போல டெஸ்க்டாப்பின் பெயரைத் தட்டி என்டர் அடியுங்கள். பெட்டி வந்ததும் யூசர்நேம் இடத்தில் வெறும் 'படம்' என்று போடாமல், டெஸ்க்டாப்பின் பெயர், ஒரு பின்சாய்கோடு, அப்புறம் 'படம்' என்று போடுங்கள். எந்தக் கணினியின் கணக்கு என்பதில் குழப்பம் வராது. நினைவில் வைக்கச் சொல்லும் டிக்கையும் போட்டுவிடுங்கள். முன்பு தட்டிய தவறான விவரம் ஏற்கெனவே சேமிப்பில் உட்கார்ந்திருந்தால் புதிதாகக் கேட்காமலே மறுக்கும். கன்ட்ரோல் பேனலில் 'கிரெடென்ஷியல் மேனேஜர்', அதில் 'விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்' போய் டெஸ்க்டாப்பின் பெயரில் இருப்பதை நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள்.

கேள்வி: எனக்கு இன்னொரு கணினியின் பெயரே தெரியவில்லை. இரண்டிலும் இன்டர்நெட் நன்றாக வருகிறது.

பதில்: இன்டர்நெட் வருவதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு கணினியிலும் நெட்வொர்க் 'பப்ளிக்' என்று இருக்கிறதா, 'பிரைவேட்' என்று இருக்கிறதா பாருங்கள். செட்டிங்ஸில் உங்கள் வைஃபையின் பிராப்பர்ட்டீஸில் இது இருக்கும். பப்ளிக் என்றால் கணினி தன்னை மற்றவற்றுக்குக் காட்டிக்கொள்ளாது. வீட்டில் பிரைவேட், வெளியிடங்களில் எப்போதும் பப்ளிக். அடுத்து, ஒரு கணினி ரவுட்டரின் 'கெஸ்ட்' வைஃபையில் இணைந்திருக்கிறதா பாருங்கள். அதில் இருக்கும் கருவிகள் வீட்டின் மற்ற கருவிகளைப் பார்க்க முடியாதபடி பெரும்பாலும் பிரித்தே வைத்திருப்பார்கள். இரண்டும் சரியாக இருந்தும் பெயர் வரவில்லையா? பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம். இரண்டு பின்சாய்கோட்டுக்குப் பிறகு அந்தக் கணினியின் ஐபி முகவரியையே தட்டுங்கள். வீடுகளில் அது பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும்.

கேள்வி: 40 ஜிபி வீடியோக்களை ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற ஒரு மணி நேரம் ஆகிறது. இரண்டுமே கேபிளில்தான் ரவுட்டரோடு இணைந்திருக்கின்றன. ரவுட்டர் கிகாபிட் என்றுதான் சொல்கிறார்கள்.

பதில்: நீங்கள் சொன்ன ஒரு மணி நேரமே விடையைச் சொல்லிவிடுகிறது. நொடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட். வழியில் கழிவது போக 11 சொச்சம் கிடைக்கும். அந்த வேகத்தில் 40 ஜிபிக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் பிடிக்கும். கிகாபிட்டில் ஓடினால் நொடிக்கு 110 மெகாபைட் வரை வரும், ஆறேழு நிமிடத்தில் வேலை முடியும். ஆகவே வழியில் ஏதோ ஓர் இடத்தில் இணைப்பு 100-க்கு இறங்கியிருக்கிறது.

எனக்குச் சந்தேகம் கேபிள் மேல்தான். கேபிளுக்குள் நான்கு ஜோடிக் கம்பிகள் உண்டு. 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும், கிகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஒரே ஒரு கம்பி முனையில் சரியாகப் பதியாவிட்டாலும், இணைப்பு அறாமல் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடக்கூடும். பிளக்கின் கண்ணாடி போன்ற முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எட்டு நிறமும் முனைவரை வந்திருக்க வேண்டும். இரண்டு கணினியிலும் ஈதர்நெட் செட்டிங்ஸில் 'லிங்க் ஸ்பீட்' என்ற வரியைப் பாருங்கள். எதில் 100/100 என்று இருக்கிறதோ அதன் கேபிளை மாற்றுங்கள். மாற்றியும் 100 என்றே நின்றால், அந்தக் கணினியின் நெட்வொர்க் கார்டே 100-க்கு மேல் போகாத பழையதாக இருக்கலாம்.

கேள்வி: வெளியூர் போகும்போதும் வீட்டு ஃபோல்டரைத் திறக்க, ரவுட்டரில் 445 என்ற போர்ட்டைத் திறந்து வைக்கச் சொல்கிறார் நண்பர். செய்யலாமா?

பதில்: கூடாது. 445 என்பது ஃபைல் ஷேரிங் போய்வரும் வாசல். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய, ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வான்னாக்ரை வைரஸ் புகுந்தது இந்த வழியாகத்தான். ஃபைல் ஷேரிங்கின் பழைய வடிவமான எஸ்எம்பி 1-இல் இருந்த ஓட்டையை அது பயன்படுத்தியது. அதை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் அந்த மார்ச்சிலேயே கொடுத்திருந்தும், போடாத கணினிகள் சிக்கின. வெளியிலிருந்து வேண்டுமென்றால் ரவுட்டரில் விபிஎன் வசதி, அதாவது வெளியிலிருந்து பூட்டிய பாதை வழியாக வீட்டு நெட்வொர்க்குக்குள் வரும் வசதி, இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் கிளவுடில் போட்டுக்கொள்ளுங்கள். பழைய ரவுட்டரில் செருகிய ஹார்டு டிஸ்க்கைத் திறக்க எஸ்எம்பி 1-ஐ ஆன் செய்யச் சொன்னாலும் என் பதில் இதேதான். டிஸ்க்கைக் கழற்றி ஒரு கணினியில் மாட்டி, அங்கிருந்து ஷேர் செய்யுங்கள்.

கேள்வி: ஷேர் செய்த ஃபோல்டர் காலையில் திறக்கிறது, மதியம் திறக்க மறுக்கிறது. மாலையில் மறுபடி திறக்கிறது.

பதில்: ஃபோல்டர் இருக்கும் கணினி இடையில் ஸ்லீப்புக்குப் போகிறது. அதன் பவர் செட்டிங்ஸில் ஸ்லீப்பை 'நெவர்' என்று வையுங்கள். திரை மட்டும் அணைந்தால் பிரச்சினை இல்லை.