நாலாம் அத்தியாயத்தில் நின்றுபோனால் என்ன?

நம் வாசிப்புக் குழு படிப்பது மொழியியல் பற்றிய ஸ்டீவன் பிங்கரின் 1994 புத்தகம், 'தி லாங்குவேஜ் இன்ஸ்டிங்ட்'. குழு ஐந்தாம் அத்தியாயத்துக்குப் போய்விட்டது, நீங்கள் நாலாவதில் வாக்கிய அமைப்பைக் கிளைகளாகப் பிரித்துக் காட்டும் மர வரைபடங்களைப் பார்த்து நின்றுவிட்டீர்கள், விலகிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மொத்தம் 13 அத்தியாயங்களில் கடினமானவற்றில் அது ஒன்று; நானே இரண்டு தடவை தூங்கியிருக்கிறேன். இப்போதைக்கு ஜப்பானிய மொழியில் வினைச்சொல் கடைசியில் வருவதைச் சொல்லும் பகுதியை மட்டும் படியுங்கள். நம் தமிழும் அப்படித்தானே, சட்டென்று பிடிபடும்.

அப்புறம் நேராக ஐந்துக்குத் தாவுங்கள். அதில் ஒரு சோதனை வரும்: மொழி ஆய்வாளர் ஜீன் பெர்கோ 1958இல் ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடம் 'வக்' என்ற இல்லாத பிராணியின் படத்தைக் காட்டி, இரண்டு இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்டார். கேட்டே இராத சொல்லுக்கும் பன்மை விகுதி சேர்த்து 'வக்ஸ்' என்றார்கள். தமிழில் இது அப்படியே எடுபடாது; நாம் 'ரெண்டு மாடு' என்றே சொல்லிவிடுவோம். வேற்றுமை உருபை வைத்துப் பாருங்கள். என் நாலு வயது மருமகளிடம் ஒரு பொம்மையைக் காட்டி, "இது குலிபம்" என்றேன். கொஞ்ச நேரத்தில், "மாமா, குலிபத்தைக் குடு" என்றாள். 'மரம்' 'மரத்தை' ஆவதுபோல 'குலிபத்தை'! யாரும் சொல்லித்தரவில்லை.

இந்த வாரக் கூட்டத்தில் இப்படி ஒன்றைச் செய்து பார்த்துச் சொல்லுங்கள். மரங்களைப் பற்றி யாரும் உங்களிடம் கேட்கமாட்டார்கள்.