குவாரிக் குழியில் போகும் தண்ணீருக்குக் கணக்கு

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளிப் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் தென்னை இருக்கிறது. தோப்புக்கு மேற்கே சவுடு (பள்ளம் நிரப்பும் மண்) குவாரி ஓடுகிறது. இரண்டு ஏக்கர் குழி, முழுக்கத் தண்ணீர். அவ்வப்போது இன்ஜின் வைத்து இறைத்துக் கடலுக்குப் போகும் ஓடையில் விடுகிறார்கள். என் கிணறு இறங்கிக்கொண்டே போகிறது, தண்ணீரும் கரிக்கிறது. கேட்டால், "தண்ணி குழிக்குள்ளதானே கிடக்கு, நாங்க என்ன குடிச்சா தீர்த்தோம்?" என்கிறார்கள். எவ்வளவு தண்ணீர் போகிறது என்று கணக்குக் காட்ட முடியுமா ஐயா?

பதில்: முடியும். ஆனால் அவர்கள் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. குழியில் நிற்பதும் உங்கள் கிணற்றில் நிற்பதும் ஒரே நிலத்தடி நீர். அதை இழப்பென்று எழுதிக்கொண்டு போனால் குறைதீர் கூட்டத்தில் முதல் கேள்விக்கே வாயடைத்துப் போவீர்கள். வெளியே போகிற தண்ணீரை மட்டும் எழுதுங்கள். இன்ஜின், லாரி, வெயில் ஆகிய மூன்று வழியாக அது போகிறது.

குவாரி ஓடும் காலத்தில் பெரிய இழப்பு இன்ஜினால்தான். 200 லிட்டர் டிரம்மைக் குழாய் வாயில் வைத்து, நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று பாருங்கள். 20 நொடியில் நிரம்பினால் மணிக்கு 36,000 லிட்டர். எட்டு மணி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 2.88 லட்சம் லிட்டர். டிரம் வைக்க விடமாட்டார்கள் என்றால் இன்ஜின் ஓடும் நேரத்தையும் குழாயின் அளவையும் குறித்து வையுங்கள். ஓடையில் விட்டால் அத்தனையும் போனதுதான். அதே தண்ணீரைப் பக்கத்து ஊருணியிலோ கண்மாயிலோ விட்டால் ஒரு பகுதி திரும்ப மண்ணில் இறங்கும், அதைக் கழித்துத்தான் எழுத வேண்டும்.

அடுத்து லாரி. தண்ணீருக்கடியில் இருந்து அள்ளிய மண் ஈரத்தோடுதான் வண்டி ஏறுகிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இந்தக் கணக்கைச் சட்டப்படியே போடுகிறார்கள். கழுவிய சரளையோடு எடையில் 4 சதவீதம் தண்ணீர் போவதாக வைக்கிறார்கள். உங்கள் கணக்குக்கும் அதையே வைத்துக்கொள்ளலாம். மூன்று யூனிட் (யூனிட் என்றால் 100 கன அடி) லோடு சுமார் 13.6 டன், அதில் தண்ணீர் 540 லிட்டர். நாளைக்கு 20 லோடு வீதம் 200 நாள் போனால் 21 லட்சம் லிட்டருக்கு மேல். சாலையில் சொட்டிக்கொண்டு போவதைப் பார்த்தாலே தெரியுமே.

மூன்றாவது வெயில். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். குவாரியை மூடிவிட்டுப் போன பிறகும் குழி திறந்தே கிடக்கும், ஆவியாவதும் நிற்காது. அந்தக் கொலராடோவில் 1980 டிசம்பர் 31-க்குப் பிறகு நிலத்தடி நீரைத் திறந்துவிட்ட குழி என்றால், ஆவியாகிப் போகும் நீருக்கு ஈடாக வேறு தண்ணீர் கொடுத்தாக வேண்டும். நம்மூரில் அப்படிக் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

நம் கரையில் திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆண்டுக்கு 1,700 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்துக்கொள்வோம். குழியில் நேராக விழும் மழை ராமநாதபுரத்தில் சராசரியாக 820 மி.மீ. அளவு, அதைக் கழித்தால் 880. ஆனால் குழி தோண்டாமல் இருந்திருந்தால் அந்த மழையில் ஒரு பங்கு மண்ணுக்குள் இறங்கியிருக்கும். கிழக்குக் கடற்கரை வண்டல் மண்ணுக்கு 16 சதவீதம் என்று அரசின் நிலத்தடி நீர் மதிப்பீட்டு முறையிலேயே இருக்கிறது. அது 130 மி.மீ. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய ஒரு மீட்டர். இரண்டு ஏக்கருக்குச் சுமார் 80 லட்சம் லிட்டர், ஆண்டு தவறாமல்.

கோடையில் நாளுக்கு 5 மி.மீ. போனால் அந்தக் குழியிலிருந்து 40,000 லிட்டர். மரத்துக்கு 65 லிட்டர் வீதம் சொட்டுநீர் விட்டால் அறுநூறு தென்னைக்குப் போதும்.

குவாரித் தரப்பினர் ஒரு கழித்தல் கேட்பார்கள். அங்கே முன்பு சீமைக் கருவேலம் அடர்ந்திருந்ததா? அதன் வேர் ஆழத்தில் போய் நீரை உறிஞ்சியிருக்கும். அதைக் கழிக்கச் சொன்னால் மறுக்காதீர்கள். அப்புறம் 1,700 என்பது என் கணக்குக்கு எடுத்த எண். வாய் அகன்ற தொட்டியில் நீர் வைத்துத் தினமும் காலையில் ஸ்கேலால் அளந்து, மழை பெய்திருந்தால் அதையும் சேர்த்துக்கொண்டு, 0.7-ஆல் பெருக்கினால் உங்கள் ஊர் எண் ஓரளவுக்குக் கிடைத்துவிடும். சின்னத் தொட்டி சீக்கிரம் சூடேறி அதிகமாக ஆவியாகும், அதனால்தான் அந்தக் குறைப்பு.

கரிப்பு வேறு விஷயம், அதுதான் எனக்குக் கவலை. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கும். மேலே அரையடி நிரந்தரமாக இறங்கினால் உப்பு நாளடைவில் 20 அடி மேலே வரும். ஆகவே லிட்டர் கணக்கோடு மட்டக் கணக்கும் வேண்டும். கிணற்றுச் சுவரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போட்டு, வாரம் ஒரு நாள், நீங்கள் மோட்டார் போடுவதற்கு முன் அளந்து நோட்டில் எழுதுங்கள். குவாரியிலிருந்து தள்ளியிருக்கும் ஒரு கிணற்றையும் அதே நாளில் அளங்கள். இரண்டும் ஒன்றாக இறங்கினால் காரணம் மழைக்குறைவாகவோ ஊர் போர்வெல்லாகவோ இருக்கலாம். இன்ஜின் ஓடும் வாரத்தில் உங்களுடையது மட்டும் இறங்கினால் யாரும் மழுப்ப முடியாது. மாதம் ஒரு பாட்டில் தண்ணீரை ராமநாதபுரத்திலுள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையத்தில் கொடுத்து உப்புநிலை கேளுங்கள்.

குவாரியின் அனுமதி ஆணை நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் வாங்குங்கள். எத்தனை அடி ஆழம், நீர்மட்டத்துக்குக் கீழே தோண்டக் கூடாதென்ற நிபந்தனை உண்டா என்று பாருங்கள். இருந்தால் உங்கள் மனு ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். அதை ஆட்சியருக்கும் கனிமவளத் துறை உதவி இயக்குநருக்கும் கொடுங்கள்.

அதுவரை கிணற்றை ஒரே மூச்சில் இறைக்காதீர்கள். சிறிய மோட்டாரில் கொஞ்ச நேரம் ஓட்டி, ஊறவிட்டு, மறுபடி ஓட்டுங்கள். இழுத்து இறைத்தால் அடியிலுள்ள உப்பு கிணற்றுக்குள் ஏறிவிடும். மரத்தடியில் தென்னை மட்டையும் தேங்காய் உரித்த நாரும் பரப்பி வையுங்கள்.