வீட்டில் போட்ட பீரில் ஆல்கஹால் 8 சதவீதம் வந்துவிட்டது, கொட்டிவிடலாமா?

கொட்டாதீர்கள். 5 சதவீதம் நினைத்துப் போட்டது 8-இல் நின்றாலும் 20 லிட்டரையும் காப்பாற்றலாம், தண்ணீர் சேர்த்தே. நான் 6-க்குக் கீழே இறக்கமாட்டேன். கசப்பும் மணமும் கூடவே குறைந்து சப்பென்றாகிவிடும். 20-ஐ 8-ஆல் பெருக்கி 6-ஆல் வகுத்தால் 26.7. ஆக, சேர்க்க வேண்டியது 6.7 லிட்டர். முதலில் 150 மில்லி பீரில் 50 மில்லி தண்ணீர் கலந்து ருசி பாருங்கள்.

தண்ணீரில்தான் கவனம் வேண்டும். நன்றாகக் கொதிக்கவிட்டு, மூடி ஆறவையுங்கள். கிருமி சாகும், கரைந்திருக்கும் ஆக்சிஜனும் வெளியேறும். அது தங்கினால் பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வரும். மேலிருந்து சளசளவென ஊற்றாமல், டியூபின் நுனி அடியில் இருக்கும்படி மெதுவாக இறக்குங்கள். நுரைக்காகப் பாட்டிலில் அடைக்கும்போது சேர்க்கும் சர்க்கரையைப் புதிய அளவுக்குக் கணக்கிடுங்கள்.

பீரையே கொதிக்கவைத்து ஆல்கஹாலை விரட்டுவது வேண்டவே வேண்டாம், ருசி போய்விடும்.

தொண்டை எரிகிறதா? அது வேறு சங்கதி. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உள்ள சாட்ஸ்வொர்த் கராஜில், டிசம்பர் கோடைப் புழுக்கத்தில் நொதித்தால் ஈஸ்ட் கனமான ஆல்கஹால்களை உண்டாக்கும். தண்ணீர் அதை முழுதாக மறைக்காது. அடுத்த முறை வாளியை ஐஸ் பாட்டில் மிதக்கும் தொட்டியில் வைத்து 20 டிகிரிக்குள் பிடியுங்கள்.