அந்த வீடியோவில் இல்லாத கணக்கு

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. பள்ளி ஜிம்னாஸ்டிக்ஸ் அணியில் இருக்கிறாள். நான்கு நாள் முன்பு பயிற்சியில் கணுக்கால் பிசகி, இன்னும் வீக்கம் வடியவில்லை. ஞாயிறு போட்டி. கோச், கெர்ரி ஸ்ட்ரக்கின் வீடியோவை அனுப்பி, "மனசு இருந்தா போதும்" என்கிறார். அவளும் போயே தீருவேன் என்கிறாள். தடுத்தால் காலத்துக்கும் என்னைச் சொல்லிக்காட்டுவாளோ?

பதில்: சொல்லிக்காட்டட்டும் அம்மா, பரவாயில்லை. தடுத்துவிடுங்கள்.

அந்த வீடியோவைப் பார்த்து நானும் கண் கலங்கியவள்தான். 1996 ஜூலை 23, அட்லாண்டா ஒலிம்பிக்ஸ். அமெரிக்கப் பெண்கள் அணிக்கு வால்ட் (ஓடிவந்து, ஒரு சாதனத்தில் கை ஊன்றித் தாவுவது) மட்டும் பாக்கி. அதில் கடைசியாகத் தாவியவர் 18 வயது ஸ்ட்ரக். முதல் தாவலில் விழுந்ததில் இடது கணுக்கால் போயிற்று. "உன்னால் முடியும்" என்று பயிற்சியாளர் பேலா கரோலி குரல் கொடுக்க, நொண்டியபடி போய் மறுபடி ஓடிவந்து தாவினார். இரண்டு காலிலும் இறங்கி, உடனே இடது காலைத் தூக்கிக்கொண்டு, நடுவர்களுக்குக் கைகாட்டிவிட்டு மண்டியிட்டுச் சரிந்தார். மதிப்பெண் 9.712. அணிக்குத் தங்கம்.

இனி கணக்குக்கு வாருங்கள். அன்றைய விதிப்படி ஆளுக்கு இரண்டு தாவல், அதில் நல்லதுதான் கணக்கு. ஆறு பேர் தாவினால் சிறந்த ஐந்து மதிப்பெண்தான் அணிக்குச் சேரும். ஸ்ட்ரக்கின் முதல் தாவலுக்கு 9.162. அவருக்கு முன்னால் இரண்டு முறையும் விழுந்த சக வீராங்கனை டொமினிக் மொசியானுவுக்கு 9.200. ஸ்ட்ரக் மறுபடி தாவாமல் இருந்திருந்தால் அந்த 9.200 சேர்ந்திருக்கும், அணிக்கு 0.512 குறைந்திருக்கும். ரஷ்யாவை அமெரிக்கா முந்தியதோ 0.821 வித்தியாசத்தில். அந்தத் தாவல் இல்லாமலேயே தங்கம் கிடைத்திருக்கும்!

அப்போது அது தெரிய வழியில்லை. ரஷ்ய அணிக்கு, விரிப்பின்மேல் ஆடும் தரைச் சுற்று இன்னும் முடிந்திருக்கவில்லை. அதனால் அந்தப் பெண்ணை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தசைநார் கிழிந்து, தனிநபர் இறுதிப் போட்டிகள் எதிலும் அவரால் இறங்க முடியாமல் போனதை உங்கள் கோச் சொல்லியிருக்க மாட்டார்.

1976 மாண்ட்ரியலில் ஜப்பானின் ஷுன் புஜிமோட்டோ உடைந்த முழங்கால் சில்லோடு, உயரத்தில் தொங்கும் வளையங்களில் ஆடி, அந்த உயரத்திலிருந்து குதித்து 9.7 வாங்கினார். அவர் அணிக்கும் தங்கம்தான். மறுபடி அப்படிச் செய்வீர்களா என்று பிற்பாடு கேட்டதற்கு, மாட்டேன் என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

உங்கள் மகளுக்கு எலும்பு இன்னும் வளர்கிற வயது. பார்க்கச் சுளுக்கு மாதிரி இருப்பது எலும்பின் வளர்ச்சித் தட்டில் பட்ட அடியாகவும் இருக்கலாம். நாளைக்கே எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நாலு எட்டு வைக்க முடியவில்லை என்றால் நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். சுளுக்கு எடுக்கிறேன் என்று யாராவது எண்ணெய் போட்டு உருவ வந்தால் அனுப்பிவிடுங்கள்.

கோச்சிடம் நீங்களே பேசுங்கள். அந்தப் பாரத்தைப் பிள்ளை தலையில் வைக்காதீர்கள். அவளிடம் அமெரிக்க ஜிம்னாஸ்ட் சிமோன் பைல்ஸ் கதையைச் சொல்லலாம். 2021 டோக்கியோவில், அந்தரத்தில் உடம்பு எங்கே இருக்கிறது என்றே பிடிபடாமல், ஒரே வால்ட்டோடு அணி இறுதியிலிருந்து விலகிக்கொண்டவர். 2024 பாரிஸில் மூன்று தங்கம் வாங்கினார்.

ஞாயிறன்று அவளை வீட்டில் பூட்டிவைக்க வேண்டாம். மருத்துவர் சரி என்றால் அணிச் சட்டையைப் போட்டுக் கூட்டிப் போங்கள், காலை நீட்டி உட்கார ஒரு நாற்காலி கேட்டு வாங்குங்கள். முதல் அரைமணி நேரம் உங்களோடு பேச மாட்டாள்.