படிக்கட்டில் நின்று பாடியவர்

அன்புள்ள ஐயா,

பிரிட்டிஷ் பாடகி டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு 'டஸ்டி இன் மெம்ஃபிஸ்' ஆல்பத்தை வாங்கிக் கேட்டேன். குரல் அருமை. ஆனால் பாட்டு எழுதியவர்கள் வேறு, தயாரித்தவர்கள் வேறு. அவர் வந்து பாடிவிட்டுப் போனார், அவ்வளவுதானே? இவ்வளவு கொண்டாட வேண்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

உறையில் அவர் பெயர் தயாரிப்பாளராக இல்லைதான். எனக்கு ஆறாத விஷயமே அது. 1963-ல் அண்ணனோடு பாடிவந்த குழுவை விட்டுத் தனியாகப் பாட வந்தார். ஃபிலிப்ஸ் நிறுவனத்துக்கு அவர் பாடிய தட்டுகளில் தயாரிப்பாளர் என்று ஜானி ஃப்ரான்ஸ் பெயர்தான் இருக்கும். ஆனால் டிரம்ஸ் எப்படி விழ வேண்டும், பேஸ் கிட்டார் எப்படி உறும வேண்டும் என்று ஸ்டுடியோவில் வாத்தியக்காரர்களிடம் மல்லுக்கட்டியவர் டஸ்டி. அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மோடவுன் நிறுவனத்தின் இசைத்தட்டுகளில் கேட்ட அந்தக் கனம் லண்டனிலும் வர வேண்டும் என்பது அவர் ஆசை. ஒரு பெண் இப்படிக் கேட்டபோது 'பிடிவாதக்காரி' என்றார்கள்.

1966-ல் வந்த 'யூ டோன்ட் ஹேவ் டு சே யூ லவ் மீ' பாட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மூலம் ஓர் இத்தாலியப் பாட்டு. பதிவறையில் தன் குரல் கேட்ட விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. மைக்கை வெளியே மாடிப்படிக்குக் கொண்டுபோகச் செய்து, அங்கே நின்று பாடினார். 47 முறை பாடியதாகச் சொல்வார்கள். தனிப் பாடகியாக அவருக்கு பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம் வாங்கித் தந்த ஒரே பாட்டு அது.

அந்தப் பிடிவாதம் ஸ்டுடியோவோடு நிற்கவில்லை. 1964-ல் தென்னாப்பிரிக்காவில் நிறம் பிரித்து உட்காரவைத்த கூட்டத்துக்குப் பாட மாட்டேன் என்றார். நாட்டை விட்டே அனுப்பினார்கள்.

சரி, மெம்ஃபிஸுக்கு வருவோம். 1968-ல் அமெரிக்கத் தயாரிப்பாளர் ஜெர்ரி வெக்ஸ்லர் அந்த ஆல்பத்துக்காக அவரை அந்த அமெரிக்க நகரத்துக்கு அழைத்துப் போனார். பெரிய பாடகர்கள் நின்ற இடத்தில் நிற்கிறோமே என்ற கூச்சம் தொண்டையை அடைத்துவிட்டது. நீங்கள் கேட்ட குரல் பின்னால் நியூயார்க்கில் பதிவானது. ஹெட்ஃபோனில் வாத்தியங்களை அவ்வளவு சத்தமாக வைத்துக்கொண்டதில் தன் குரலே தனக்குக் கேட்காமல் பாடினாராம். ஆல்பத்தில் உள்ள 'சன் ஆஃப் எ ப்ரீச்சர் மேன்' பாட்டு நன்றாக ஓடியது. ஆல்பமோ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 99-வது இடத்துக்கு மேலே ஏறவில்லை.

1966 பாட்டை இன்று இரவு ஹெட்ஃபோனில் இன்னொரு முறை கேளுங்கள். குரலுக்குப் பின்னால் நீளும் முழக்கம் அந்த மாடிப்படியுடையது.